எங்கள் பிள்ளைகளின் நாக்கு உங்களுக்கு என்ன செய்தது?

இதை யாருக்கு எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏ.சி. அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எங்கள் பிள்ளைகள் வாயைத் திறந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து உதட்டைச் சுழித்தீர்களே, உங்களுக்கு. வகுப்பில் எழுந்து நின்று பாடம் படித்த பெண்ணின் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, படிப்பு முடியும்வரை அதையே அவளுக்குப் பட்டப்பெயராக வைத்துக் கூப்பிட்டீர்களே, உங்களுக்கு. "இதுகூடத் தெரியாம எதுக்கு காலேஜுக்கு வந்தே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்ட ஆசிரியர்களே, உங்களுக்கும்தான். வயிறு எரிந்து எழுதுகிறேன். பிடிக்காவிட்டாலும் கடைசிவரை படியுங்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சாயங்காலம் வீட்டு முன்னறையில் காலேஜ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, ஜீயபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருச்சிக்குப் படிக்க வருகிறவர்கள். காலையில் கிளம்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காலேஜ் முடிந்து, மறுபடி டவுன் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி என் வீட்டுக்கு வந்து சேரும்போது முகம் வாடிக் கிடக்கும். முக்கால்வாசிப் பேர் அவரவர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள்.

அவர்களில் ஒருத்தி பி.காம். முடித்தவள். அவள் அப்பா நெல் அறுவடை மிஷின் ஓட்டுகிறார். கல்லூரிக்கு வந்த பிறகுதான் கணக்குப்பதிவியலை இங்கிலீஷில் பார்த்தாள்; பார்த்த வேகத்தில் பிடித்துக்கொண்டாள். ஐந்தொகை டேலி ஆகவில்லை என்றால், எங்கே பிசகு என்று பார்த்த மாத்திரத்தில் விரலை வைப்பாள். கேம்பஸ் இண்டர்வியூவுக்கு ஒரு கம்பெனி வந்தது. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். நேர்காணலில் ஒரு தாளைக் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்தியில் டி-இ-பி-டி என்று ஒரு சொல் வந்தது. 'டெப்ட்' என்று படித்தாள். "டெப்ட்டா?" என்று அதே ராகத்தில் திருப்பிச் சொன்னார் எதிரில் இருந்தவர். அடுத்தவர் சிரித்தார். மூன்றாமவர் கையிலிருந்த பேப்பரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவர்கள் கேட்ட எதற்கும் அவளுக்கு வாய் வரவில்லை. வாராக்கடன் ஒதுக்கீட்டை எப்படிப் போடுவாய் என்று கேட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய கணக்கு அது. தொண்டை அடைத்துக்கொண்டது. "தேங்க் யூ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்று அவள் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் காலையிலிருந்து ராத்திரிவரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறாள். கடன் என்ற சொல்லுக்கு அவளுக்கு யாரும் அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் படித்ததே கல்விக்கடனில். அந்தக் கடனுக்கு மாதத் தவணை போய்க்கொண்டிருக்கிறது.

அவள் வாயில் வந்த அந்த 'பி' எங்கிருந்து வந்தது என்று சிரித்தவர்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' கிடையாது. பேச்சிலும் இல்லை, எழுத்திலும் இல்லை. பின்னால் வந்த பண்டிதர்கள், இந்தச் சொல்லுக்கு லத்தீன் மூலம் இருக்கிறது என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, எழுத்தில் மட்டும் ஒரு 'பி'யைச் செருகிவைத்தார்கள். ஜனங்களின் வாய் மாறவில்லை. சந்தேகத்துக்கான 'டவுட்' என்ற சொல்லிலும் இதே வேலைதான். தீவு என்று பொருள்படும் 'ஐலண்ட்'டில் நடுவே நிற்கும் 'எஸ்' இன்னும் மோசம். லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லோடு உறவு இருப்பதாகத் தப்பாக நினைத்துக்கொண்டு சேர்த்தது. ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்'டில் 'பி' என்ற எழுத்து ஊமையாக உட்கார்ந்திருப்பதும் லத்தீன் மோகத்தால்தான். ராணுவத்துக் 'கர்னல்' எழுத்தில் இத்தாலிய வடிவத்தையும் உச்சரிப்பில் பழைய பிரெஞ்சு வடிவத்தையும் வைத்துக்கொண்டு நிற்கிறது. நானூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கிலாந்துப் பண்டிதர்கள் செய்துவைத்த காரியத்துக்கு இன்றைக்கு லால்குடிப் பக்கத்துப் பெண் தண்டனை அனுபவிக்கிறாள். தப்பு செய்தது எழுத்து. உதை வாங்கியது இவள்.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். எழுத்துகள் அச்சில் இறுகத் தொடங்கிய அதே காலத்தில்தான் ஆங்கிலேயர்களின் வாயில் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. எழுத்து ஒரு காலத்தில் நின்றுவிட்டது, பேச்சு இன்னொரு காலத்துக்குப் போய்விட்டது. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு 44 ஒலிகளைக் காட்ட வேண்டிய நிலை. ஓ-யூ-ஜி-எச் என்ற நாலே எழுத்து ஒரு சொல்லில் 'தோ' என்கிறது, இன்னொன்றில் 'த்ரூ', மற்றொன்றில் 'காஃப்', இன்னுமொன்றில் 'ரஃப்'. எந்த இடத்தில் எது என்பதற்கு விதி கிடையாது. பெர்னார்ட் ஷா இந்த எழுத்துமுறையைப் பொறுக்க முடியாமல், புதிய நெடுங்கணக்கு ஒன்று உருவாக்க வேண்டும் என்று தம் உயிலிலேயே பணம் ஒதுக்கிவைத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் 1925-இலிருந்து குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டும் போட்டி நடத்துகிறார்கள். அந்த மொழியைத் தாய்ப்பாலோடு குடித்த பிள்ளைகளே மேடையேறித் தடுமாறுகிறார்கள். சரியாகச் சொன்னவனுக்குக் கோப்பை கொடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் தடுமாறினால் மட்டும் வேலை இல்லை என்கிறீர்கள்.

இதில் என் நெஞ்சை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பெண் 'டவுட்' என்ற சொல்லை ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. "மிஸ், ஒரு டவுட்டு" என்றுதான் ஆரம்பிப்பாள். அதிலும் ஊமை 'பி' இருக்கிறது. அது எப்படிச் சரியாக வந்தது? அந்தச் சொல்லை அவள் காதால் கேட்டிருக்கிறாள். ஊரே சொல்கிறது. 'டெப்ட்'டை அவள் யார் வாயிலிருந்தும் கேட்டதே இல்லை, புத்தகத்தில் பார்த்ததுதான். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாதவர். "அயன் பண்ணி வச்சிருக்கேன்மா" என்கிறார். லண்டன் அகராதி சொல்லும் உச்சரிப்புக்கு அது எவ்வளவு கிட்டே நிற்கிறது என்று பாருங்கள். பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கிற என் மாணவன், பாடப்புத்தகத்தில் இரும்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன், 'ஐரன்' என்கிறான். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாக்களைக் கேளுங்கள். 'மீட்டர் கேஜ்', 'பிராட் கேஜ்' என்று சுத்தமாகச் சொல்வார்கள். அதே சொல்லை எழுத்தில் முதன்முதலாகப் பார்க்கும் பேரன் 'காஜ்' என்றுதான் படிப்பான், ஜி-ஏ-யூ-ஜி-இ என்று எழுதியிருந்தால் வேறு எப்படிப் படிப்பது?

ஆக, தப்பாக உச்சரிப்பவன் படிக்காதவன் அல்ல. கேட்க ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்து படித்தவன். வீட்டில் ஆங்கிலப் பேச்சு இல்லை, தெருவில் இல்லை, பள்ளியில் ஆசிரியரும் தமிழில்தான் பொருள் சொன்னார். அப்படியும் விடாமல் அகராதியை வைத்துக்கொண்டு, அர்த்தம் எழுதி, மனப்பாடம் செய்து அந்தச் சொல்லைத் தனதாக்கிக்கொண்டான். எந்த உழைப்புக்கு அவனைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டுமோ, அந்த உழைப்பு அவன் வாயில் வெளிப்படும்போதுதான் நீங்கள் சிரிக்கிறீர்கள். தில்லைநகரிலோ சென்னையிலோ நல்ல வசதியில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல் சாப்பாட்டு மேஜையில் காதில் விழுந்திருக்கும். அவன் அதற்காக ஒரு நாளும் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். அவனுக்கு வேலை கிடைக்கிறது. கிடைக்கட்டும், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதைத் திறமை என்று சொல்லாதீர்கள்.

நாக்கைப் பற்றியும் பேசிவிடுவோம். 'இஸ்கூல்' என்று சொன்னால் சிரிக்கிறீர்கள், 'பஸ்ஸு', 'லைட்டு' என்றால் சிரிக்கிறீர்கள். ஆங்கிலத்தின் இரண்டு பகர ஒலிகளும் குழம்புகின்றன, 'பின்' என்றால் குண்டூசியா குப்பைத்தொட்டியா என்று தெரியவில்லை என்கிறீர்கள். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரத்தின் ஒலி வேறு, மகரத்தை ஒட்டி வரும் பகரத்தின் ஒலி வேறு. எழுத்து ஒன்றுதான். எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது தமிழ்க் குழந்தைக்குச் சொல்லித்தராமலே வரும். வல்லினம் சொல்லின் எந்த இடத்தில் நின்றால் எப்படி மெலியும் என்ற இலக்கணத்தோடு வளர்ந்த காது அது. அந்தக் காதுக்கு, ஆங்கிலத்தில் சொல்லின் முதலிலேயே இரண்டு ஒலியும் வந்து அர்த்தத்தை மாற்றும் என்பது புதிது. சொல்லின் கடைசியில் வல்லின மெய்யை நிறுத்த நமக்குக் குற்றியலுகரம் வேண்டும். மெய்யெழுத்தில் சொல் தொடங்கக்கூடாது. ரகரமும் லகரமும்கூட மொழிக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. வடசொல் வந்தால் தமிழ் எழுத்துக்கு ஏற்ப ஆக்கிக்கொள்ளச் சொல்கிறது.

எங்கள் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவோம். லக்ஷ்மணன் கம்பரிடம் இலக்குவன் ஆனான். விபீஷணன் வீடணன் ஆனான். அயல் சொல்லைத் தமிழ் நாக்குக்கு வாகாக வளைத்தவரைக் கவிச்சக்கரவர்த்தி என்று கொண்டாடுகிறோம். அதே நாக்கு, அதே இலக்கணம், 'ஸ்கூல்' முன்னால் ஓர் இகரத்தைப் போடுகிறது. போட்டது கிராமத்துப் பிள்ளை என்பதற்காக அது கேலிக்குரியதாகிவிடுமா? ஆங்கிலம் பேசும்போது ஆங்கிலத்துக்கு உரிய ஒலியைப் பழகத்தான் வேண்டும். நானே அதைத்தான் பழக்குகிறேன். ஆனால் பழகுவதற்கு முன்னால் அவன் வாயில் இருப்பது குறைபாடு அல்ல, இன்னொரு மொழியின் ஒழுங்கு. இதைத் தெரிந்துகொண்டு திருத்துங்கள்.

உச்சரிப்புக்கு இவ்வளவு கறார் பார்க்கிறவர்கள், எங்கள் ஊருக்கு நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். திருச்சிராப்பள்ளி என்று வெள்ளைக்காரன் வாயில் வரவில்லை, 'ட்ரிச்சினோபொலி' என்றான். ஸ்ரீரங்கம் வரவில்லை, 'செரிங்ஹாம்' என்று எழுதினான். கொள்ளிடத்தைக் 'கோலரூன்' ஆக்கினான். தஞ்சாவூர் 'டாஞ்சூர்', தூத்துக்குடி 'டூட்டிகோரின்', திருநெல்வேலி 'டின்னவெலி'. கர்நாடகப் போர்களில் 1750-களில் இந்த மண்ணில் சண்டை போட்டவர்களைப் பற்றி எழுதிய சரித்திரப் புத்தகங்களில் எங்கள் ஊரையும் ஆற்றையும் இந்தக் கோலத்தில்தான் பார்க்கலாம். யாராவது அவனைப் பார்த்துச் சிரித்தார்களா? அவன் உளறியதுதான் வரைபடத்தில் ஏறியது. ரயில் நிலையப் பலகையில் ஏறியது. கலெக்டர் ஆபீஸ் முத்திரையில் ஏறியது. எங்கள் ஊர்ச் சுருட்டுக்கூட ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், 1887-இல், 'ட்ரிச்சினோபொலி'யாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவனுக்கு வாய் வராத இடமெல்லாம் பெயர் மாற்றம். எங்களுக்கு வாய் வராத இடமெல்லாம் அவமானம்.

அவர்களுடைய ஊர்ப் பெயர்களை மட்டும் நாம் அவர்கள் சொல்கிறபடியே சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்த்தால் 'லீசெஸ்டர்', சொல்ல வேண்டியது 'லெஸ்டர்'. எழுத்தில் 'வொர்செஸ்டர்', வாயில் 'வூஸ்டர்'. நம் பிள்ளைகள் புவியியல் பாடத்தில் 'கிரீன்விச்' என்று தமிழில் படித்து, அதையே மனதில் பதித்துக்கொண்டு போகிறார்கள். 'கிரெனிச்' என்று சொல்லாதவனைப் பார்த்து இன்றைக்கும் புருவத்தை உயர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. எழுத்துக்கூட்டல் சரியில்லை என்று விமர்சனம் எழுந்து, சில நாளிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பட்டியலில் குறைகள் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நம் ஊர்ப் பெயரை நம் வாயில் வருகிறபடி எழுதுவதற்கே நமக்கு இவ்வளவு கூச்சம் என்றால், ஒரு பெண் அயல்மொழியை அயல்நாட்டார் வாயில் வருகிறபடி சொல்லவில்லை என்பதற்கு எப்படி இவ்வளவு துணிவாகச் சிரிக்க முடிகிறது?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்குள்ளேயே ஒரே உச்சரிப்பா இருக்கிறது? 'ஷெட்யூல்' என்கிறான் ஒருவன், 'ஸ்கெட்யூல்' என்கிறான் இன்னொருவன். லண்டனில் 'லெஃப்டினன்ட்', அமெரிக்காவில் 'லூட்டினன்ட்'. ஸ்காட்லாந்துக்காரரின் ரகரம் லண்டன்காரருக்கு வராது. அகராதியில் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் மாறிச் சொன்னால் வட்டார வழக்கு, நாம் மாறிச் சொன்னால் பிழை.

அப்துல் கலாம் படித்தது எங்கள் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். ராமேஸ்வரத்து நாக்கு அவருக்கு. குடியரசுத் தலைவரான பிறகும் அந்த நாக்கை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 2007 ஏப்ரலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் போய்ப் பேசினார், அதே உச்சரிப்பில்தான். ராக்கெட் பறந்தது, நாடு அவரை மதித்தது. அவரைச் சொல்லி எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் ஊக்க உரை ஆற்றுகிறீர்கள். கல்லூரி விழா மேடைகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். மேடையை விட்டு இறங்கி இண்டர்வியூ அறைக்குள் நுழைந்ததும் அவரைப் போலவே பேசும் பிள்ளையை வெளியே அனுப்புகிறீர்கள்.

ஒரு சொல்லின் உச்சரிப்பை வைத்து ஆளை நிறுப்பது புதிதல்ல. பைபிளில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் வருகிறது. யோர்தான் ஆற்றுத் துறைகளைப் பிடித்துக்கொண்டு, கடக்க வந்தவர்களிடம் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீம் கோத்திரத்தார் வாயில் 'ஷி' வராது, 'சி'தான் வரும். அப்படிச் சொன்னவர்களைப் பிடித்து அங்கேயே வெட்டினார்கள். 42,000 பேர் என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு ரத்தம் சிந்துவதில்லை, அவ்வளவே. ஆற்றைக் கடக்க விடுவதில்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரத் தமிழ்நாட்டில் 2010-இல் சட்டம் வந்தது. தனியார் கம்பெனி வாசலில் அந்தச் சட்டம் இல்லை.

இப்போது இதற்கு இயந்திரமும் வந்துவிட்டது. கால் சென்டரில் உட்கார்ந்து பேசும் இந்தியரின் உச்சரிப்பை, அவர் பேசும்போதே மாற்றி வெளிநாட்டு வாடிக்கையாளர் காதுக்குப் பழகிய குரலாக அனுப்பும் மென்பொருளை டெலிபெர்ஃபார்மன்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனம் பயன்படுத்துவதாக 2025-இல் செய்தி வந்தது. வேலை நம் பிள்ளையுடையது, பொறுமை நம் பிள்ளையுடையது, வாடிக்கையாளரிடம் வசவு வாங்குவதும் நம் பிள்ளைதான். அவன் குரல் மட்டும் வேண்டாமாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரியாவிட்டால் எப்படி வேலை நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது புரிதலைக் கெடுக்கிறது, எது கெடுப்பதில்லை என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு புத்தகம் எழுதினார். நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துச் சொல்லும் அந்த 'த' ஒலிக்காக நம் பிள்ளைகளை எத்தனை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்திருக்கிறார்கள்! அது சரியாக வராவிட்டாலும் புரிதல் கெடாது என்பது அவர் முடிவு. முக்கியம் என்று அவர் சொன்னவற்றில் ஒன்று உயிரொலியின் நீளம்: 'ஷிப்' வேறு, 'ஷீப்' வேறு. குறில் நெடிலை 'அ, ஆ' என்று ஒன்றாம் வகுப்பிலேயே பிரித்துப் படித்த பிள்ளைக்கு இது கைவந்த கலை. எங்கள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. இல்லாததை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறீர்கள்.

இருப்பதை வைத்துக்கொண்டு சொல்லித்தருவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. என் வகுப்புக்கு வரும் பெண்களின் கையில் டவுன் பஸ்ஸில் கொடுத்த இலவச டிக்கெட் கசங்கிக் கிடக்கும். அதை நீவி உதட்டுக்கு எதிரே பிடிக்கச் சொல்வேன். 'பேனா' என்று சொல்லச் சொன்னால் டிக்கெட் அசையாது. "இப்ப இங்கிலீஷ்ல 'பென்' சொல்லு, டிக்கெட் பறக்கணும்" என்பேன். இரண்டு மூன்று தரம் காற்று வராது. பிறகு திடீரென்று டிக்கெட் படபடக்கும், முகம் பூரித்துவிடும். கீழ் உதட்டை மேல் பல்லால் லேசாகத் தொட்டால் 'ஃப'. அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில் ஓர் அசைக்கு முன்னால் போட்டிருக்கும் சின்னக் கோடு அந்த அசையை அழுத்த வேண்டும் என்று காட்டுகிறது என்பதைப் பட்டம் வாங்கிய பிள்ளைகளே என்னிடம் வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். 'டெவலப்' என்று முதல் அசையை ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்தவன், 'டிவெலப்' என்று நடு அசைக்கு அழுத்தத்தைக் கொண்டுபோக ஒரு நாள் போதும். இதைச் சொல்லிக்கொடுக்காமல்தான் பன்னிரண்டு வருஷம் பள்ளியிலும் மூன்று வருஷம் கல்லூரியிலும் ஆங்கிலப் பாடம் நடத்தினோம்.

ஆசிரியர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. 1960-ஐ ஒட்டி அன்றைய சென்னை மாநிலத்தில் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று ஒரு திட்டம் நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு, முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்கு என்று 27,000 ஆசிரியர்களைத் தயார்படுத்தப் பார்த்தார்கள். கை மாறிக் கை மாறி வரும்போது பாட அமைப்பு வந்து சேர்ந்திருக்கும். ஒலி எப்படி வந்து சேரும்? ஒலியைக் காதுக்கு நேரே ஒருவர் சொல்ல வேண்டும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. பலகையில் ஆங்கிலவழி என்று எழுதினோம். வகுப்பில் ஆங்கிலம் காதில் விழுகிறதா என்று பார்த்தோமா? பேசுதலுக்கும் கேட்டலுக்கும் மார்க் இல்லாத பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்துவிட்டு, கடைசியில் பேச்சை வைத்தே அவர்களைத் தள்ளிவிடுகிறோம். இது அநியாயம் இல்லையென்றால் எது அநியாயம்?

கம்பெனிக்காரர்களே, கணக்காளர் வேலைக்குக் கணக்கைச் சோதியுங்கள். உச்சரிப்பு வேலைக்கு அவசியம் என்றால் பயிற்சி மாதங்களில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருளை இயக்கக் கற்றுத்தருகிறீர்களே, பத்து இருபது சொல்லைச் சொல்லக் கற்றுத்தர மாட்டீர்களா? கல்லூரிகளே, முதல் வருஷம் முதல் மாதம் வாய்விட்டுப் படிக்கவையுங்கள். தப்பு வந்தால் சரியான ஒலியை ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போங்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் தோழி 'ஐஸ்லாண்ட்' என்று படித்தால், இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு "அதுல எஸ் சொல்லக்கூடாதுடி" என்று சொல்லுங்கள். அவள் உங்களைச் சாகும்வரை மறக்க மாட்டாள்.

அந்த இண்டர்வியூவில் "டெப்ட்டா?" என்று திருப்பிச் சொன்னவர் வெள்ளைக்காரர் இல்லை. வடநாட்டவரும் இல்லை. கிளம்பும்போது வாசலில் போனில் அவர் பேசிய தமிழைக் கேட்டிருக்கிறாள். "நம்ம ஊர்ப் பக்கம்தான் மிஸ் அவரு, நம்மள மாதிரிதான் பேசினாரு" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள், அதுவரை அழவில்லை. ஐயா, உங்களுக்கும் ஒரு காலத்தில் அந்த 'பி' ஊமை என்று தெரியாமல்தானே இருந்திருக்கும்? யாரோ ஒரு புண்ணியவான் உங்களைச் சிரிக்காமல் திருத்தியிருப்பார். அல்லது உங்களையும் ஒருவன் சிரித்துக் கொன்றிருப்பான். எதுவாக இருந்தாலும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது உங்களுக்கு அது நினைவுக்கு வரவேண்டாமா?

அடுத்த நாள் அவளை உட்காரவைத்து, "அதுல பி சொல்ல வேணாம்மா, 'டெட்' அவ்வளவுதான்" என்றேன். 'டெட்' என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "மிஸ், இனிமே நான் இங்கிலீஷ் பேசல மிஸ்" என்று எழுந்து போனாள். கடைக்கு லீவு விடும் நாளில் இப்போதும் வீட்டுக்கு வருவாள், எனக்குக் காய் நறுக்கித் தருவாள், சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவாள். வகுப்பு ஆரம்பித்து ஒவ்வொருவராக வாய்விட்டுப் படிக்கும்போது அவள் முறை வந்தால் புத்தகத்தை அடுத்தவளிடம் நகர்த்திவிடுகிறாள். நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னும் அவள் படிக்கவில்லை.